ரெகுலர் போட்டவள்

மகனே,

அன்புள்ள என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, இப்போதைக்குக் கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொன்னால் "ஓகேம்மா, ஓகே, ஐ காட் இட்" என்று பாதியில் வெட்டிவிடுவாய். இமெயில் அனுப்பினால் வேலைக்கு நடுவில் கண்ணை ஓட்டிவிட்டு மூடிவிடுவாய். அதனால்தான் தமிழில், பேனாவால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலில் நடந்த தமிழ் வகுப்புக்குச் சனிக்கிழமை தவறாமல் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவள் நான்தான். இன்றைக்கும் நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதுதான் எனக்கு வேண்டும். இதை வேகமாகப் படித்துத் தூக்கிப் போட உன்னால் முடியாது. ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். நில்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னுடைய அந்த டர்போ வண்டியின் என்ஜினை நான் கெடுக்கவில்லை. அது உனக்குத் தெரியும். கெட்ட அன்றைக்கே தெரியும். தெரிந்தே பழியை என்மேல் போட்டாய். உனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முன்னால் போட்டாய். பிறகு அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி ஊரெல்லாம் சொன்னாய். வேலை கிடைத்து டெக்சாஸுக்கு, ரவுண்ட் ராக்குக்குப் புறப்பட்டுப் போன நாள்வரை ஒரு வார்த்தைகூட மாற்றிச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும், இந்த வசந்தத்தில் பாதிவரைக்கும், மகனுடைய வண்டியை நாசம் செய்த மடச்சி நான்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. இப்போது கேள். போன டிசம்பரில் எங்கள் ஆபீஸில் ஒய்டூகே வேலை, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதி குழம்பும் என்ற அந்த வேலை, தலைக்குமேல் இருந்தது. சனி ஞாயிறு என்று பார்க்காமல் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை என் முறை. காலையில் போய்ப் பார்த்தால் குளிரில் என் வண்டியின் பேட்டரி செத்துக் கிடந்தது. உன் அப்பா அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு முன்பே கிளம்பிவிட்டார். நான் ஆபீஸுக்கு, பார்சிப்பனி போய்ச் சேர வேண்டும். உன் அறைக் கதவைத் தட்டினேன். நீ போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டிச் சாவி இருக்கும் இடத்தைக் காட்டினாய். "மெதுவா ஓட்டும்மா" என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டிக்கு என்ன செய்து வைத்திருக்கிறாய், அதற்கு என்ன பெட்ரோல் போட வேண்டும், எதுவும் இல்லை. வீட்டு டிரைவ்வேயில் மற்ற வண்டிகளோடு நிற்கிற வண்டி. எல்லா வண்டியையும் போலத்தான் அதுவும் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். கியர் வண்டியில் கற்றுக்கொண்டவள் நான், உன் கிளட்ச் எனக்கொன்றும் பெரிதில்லை. திரும்பி வரும்போது பெட்ரோல் முள் கீழே இறங்கியிருந்தது. ஒருவரிடம் வாங்கிய பொருளைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் ஏதாவது வந்தால், அதைக் கழுவி, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவேன். நீயே எத்தனை தடவை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய், கையில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு வருவாய். மகனுடைய வண்டியானால் என்ன, வாங்கியது வாங்கியதுதான். வழியில் பங்கில் நிறுத்தினேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, எப்போதும் போடுகிற சாதாரணப் பெட்ரோலையே சொன்னேன், "ஃபில் இட் அப், ரெகுலர்" என்று. இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் தயங்காமல் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான். எனக்கு அது மூன்று நான்கு வார்த்தை அல்ல, ஒரே வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். "டேங்க் ஃபுல்லா போட்டுட்டேன்டா" என்றேன். நீ கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் "தேங்க்ஸ்மா" என்றாய். என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உனக்குப் பார்த்த பெண், இங்கே படிக்க வந்த சுகன்யா, அவளுடைய சித்தப்பா சித்தியோடு முதல்முதலாக நம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கோயமுத்தூரில் இருக்கும் அவள் அப்பா அம்மாவுக்குப் பதிலாக வந்து பார்க்கிறவர்கள் அவர்கள்தான். நான் காலையிலிருந்து கேசரியும் பஜ்ஜியும் சட்னியும் என்று நின்றுகொண்டிருந்தேன். நீ மத்தியானம் உன் சிநேகிதன் இர்ஃபானை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். அவர்கள் வந்து உட்கார்ந்து, தட்டைக் கையில் வாங்கின பிறகும் நீ வரவில்லை. அப்புறம் வாசலில் டோ டிரக் வந்து நின்றது. அதன் பின்னால் உன் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. நீ உள்ளே வந்தாய். வந்தவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"அம்மா, நேத்து என்ன கேஸ் போட்ட?"

"ரெகுலர்தான். ஏன்டா?"

"யூ கில்ட் மை கார், மா. தட்ஸ் வாட் யூ டிட்."

அவ்வளவு பேர் நடுவில் சொன்னாய். சுகன்யாவின் சித்தப்பா பஜ்ஜியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார். பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் பிரீமியம் மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, உனக்குப் படிக்கத் தெரியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டாய். படிக்கத் தெரியுமடா. அதைப் பார்த்தால்தானே படிக்க முடியும்? நியூ ஜெர்சியில் யார் வண்டியை விட்டு இறங்கிப் பெட்ரோல் போடுகிறார்கள்? இங்கே நாம் பைப்பைத் தொடவே கூடாது, அதற்கென்று ஆள் நிற்கிறான். இந்த மாநிலத்தில் வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எந்த வண்டியின் மூடியையும் நான் திறந்து பார்த்ததில்லை. என் வண்டி மூடிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு இந்தப் பதில் எனக்குத் தோன்றவில்லை. விருந்தாளிகளுக்கு முன்னால் அழுகை வராமல் பார்த்துக்கொள்வதிலேயே என் கவனம் போய்விட்டது. "சாரிடா கண்ணா, தெரியாம போட்டுட்டேன்" என்றேன். உன் அப்பா சிரித்துச் சமாளித்தார். சுகன்யாவின் சித்தி "பாவம், அவங்களுக்கு எப்படிங்க தெரியும்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். அந்தப் பரிவுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தமாஷ். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், உன் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தட்டை நீட்டி, "மேடம், இது ரெகுலரா பிரீமியமா" என்று கேட்கிறார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பெண்கள் கூடும் இடத்திலெல்லாம் என் பெயரைச் சொன்னால் இந்தக் கதை. அதை நீதான் சொல்லிப் பரப்பினாய், நடித்தும் காட்டினாய் என்று கேள்விப்பட்டேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பையும் சேர்த்து.

நான் பார்க்வே, 287 மாதிரிப் பெரிய ரோடுகளில் வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டேன் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நீ கவனிக்கவில்லை. ஆபீஸுக்குக் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணோடு போய் வருகிறேன். அவளுக்கு லீவு என்றால் உன் அப்பா கொண்டுவிடுகிறார். கடை கண்ணிக்கு உள்ளூரில் மட்டும் ஓட்டுகிறேன். அதிலும் என் பழைய வண்டிக்குப் பிரீமியம் போட ஆரம்பித்தேன். ரெகுலரே போதும் என்று செய்த வண்டி. பயத்தில் போட்டேன். பங்கில் இருக்கிற பையனிடம் பிரீமியம்தானே, பிரீமியம்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பனியில் தனியாக ஓட்டிக்கொண்டு உன்னை நீச்சலுக்கும் வயலினுக்கும் கூட்டிப் போனவள், ஒரு பெட்ரோல் பைப்பைப் பார்த்துப் பயந்துகொண்டு கிடந்தேன். வண்டி ஓட்டுவது என்றால் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவைக் கேட்காமல் நான் ஓரிடத்துக்குப் போய்வர முடிந்தது அதனால்தான். அதை நானே விட்டுக்கொடுத்தேன், செய்யாத குற்றத்துக்கு.

போன சனிக்கிழமை இர்ஃபான் வந்தான். உன்னிடமிருந்து வாங்கிப் போன ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறான். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் இருந்தது. அவன் வீட்டு கராஜில் மாசக்கணக்கில் கிடக்கிறதாம், டெக்சாஸுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டான். என்ன பெட்டி என்றேன். உன் பழைய வண்டிக்கு வாங்கிவைத்த பெரிய இன்ஜெக்டர்கள் என்றான். அந்த வண்டி என்றதும் எனக்கு வழக்கமாக வருகிற வார்த்தை வந்துவிட்டது. என்னாலதான்ப்பா அது போச்சு, இதையும் வீணாக்கிட்டேன் என்றேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, அவன் உங்ககிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?"

அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்துக் கேட்டேன். அவன் உன்னைக் காட்டிக் கொடுக்க வந்தவன் இல்லை, நடுவில் நிறுத்தப் பார்த்தான். நான் விடவில்லை. உனக்காக வண்டிக்கடியில் படுத்துக் கை கறுத்தவன் அவன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தக் கார் எப்படியும் போயிருக்கும் ஆன்ட்டி. இன்ஜெக்டர் அக்டோபர்லயே மேக்ஸ் அவுட் ஆயிடுச்சு. லேப்டாப்ல ரெண்டு பேரும்தான் பாத்தோம். டர்போ பூஸ்ட்டக் கொறச்சுக்கோடா, இல்ல பெரிய இன்ஜெக்டரப் போடுற வரைக்கும் ஓட்டாதன்னு சொல்லிட்டே இருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிட்டே இருந்தான்."

அதுமட்டுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை இர்ஃபானை ஏற்றிக்கொள்ளப் போகிற வழியிலேயே என்ஜின் டக் டக் என்று தட்டுகிற சத்தம் உனக்குக் கேட்டுவிட்டது. அவன் ஏறியதும், அம்மா ரெகுலர் போட்டிருப்பாள் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். இந்த டேங்க் தீரும்வரை அழுத்தாமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லியிருக்கிறாய். ஆக எல்லாம் தெரியும். பிறகு 287 ஹைவேயில் ஏறுகிற வளைவில் எவனோ ஒருவன் பக்கத்தில் வந்து உறுமினான். நீ மிதித்தாய். இர்ஃபான் "டோன்ட்" என்று கத்தியும் மிதித்தாய். சத்தம் வந்தது, பின்னால் புகை வந்தது, பின்னாலேயே வந்த டிரக் ஹார்ன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அந்த டிரக்கைப் பற்றி நீ எங்களிடம் சொல்லவே இல்லை. அந்தப் பிள்ளை உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் அவன் அம்மா முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

அப்படியானால் வீட்டுக்குள் வந்து நீ என்னைக் கேட்டது கேள்வியே இல்லை. பதில் உன்னிடம் முன்பே இருந்தது. பெண் வீட்டார் பார்க்கிறார்கள், வண்டி தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது, யாராவது ஒருவர் முட்டாளாக வேண்டும். நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன். வசதியாக இருந்தது உனக்கு.

இந்த ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன் மாதிரிப் பையன்கள் எழுதித் தள்ளுகிற பக்கங்களை எல்லாம் படித்தேன். புரியாது என்று நினைக்காதே. பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று பார்த்துத்தான் எனக்குச் சம்பளம். இன்ஜெக்டர் என்பது ஒரு வால்வு. கம்ப்யூட்டர் திற என்றால் திறந்து பெட்ரோலைத் தூவும், மூடு என்றால் மூடும். வண்டி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு அதற்குக் கிடைக்கிற நேரம் குறைவு. டர்போவைத் திருகி விட்டுக் காற்றை நீ அதிகமாகத் திணித்தால், அதற்கு ஈடாகப் பெட்ரோலும் அதிகம் வேண்டும், வால்வு இன்னும் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அது மூடவே நேரமில்லாமல் திறந்தபடியே நிற்கும். அதற்குமேல் அதனிடம் கொடுக்க ஒன்றும் கிடையாது. கல்யாணப் பந்தியில் இலையை மட்டும் இரட்டிப்பாகப் போட்டுவிட்டு, சாம்பார் வாளியும் பரிமாறுகிற ஆளும் அதே ஒன்றுதான் என்றால் கடைசி இலைக்கு என்ன கிடைக்கும்? அந்த எல்லைக்கு முன்னாலேயே கொஞ்சம் இடம் விட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பக்கங்களில் எல்லாரும் தலையால் அடித்துக்கொள்கிறார்கள். நீ இடமே விடவில்லை. அக்டோபர் வெயிலில் கடைசி நுனியில் நின்ற வண்டி அது. டிசம்பர் குளிரில் காற்று அடர்த்தி, டர்போ உள்ளே தள்ளுகிற காற்றும் கூடுதல். பெட்ரோலைக் கூட்ட வழியில்லை. குறைந்த பெட்ரோலில் எரிந்தால் சூடு ஏறும். பிஸ்டனில் ஓட்டை விழுந்தது அதனால்.

ஆக்டேன் விஷயமும் படித்தேன். பிரீமியம் என்றால் ஏதோ சக்தி கூடின பெட்ரோல், பணக்காரர்கள் போடுவது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லையாம். அழுத்தம் ஏறினாலும் பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் காத்திருக்கிற குணம்தான் அந்த எண்ணாம். பெட்ரோலின் பொறுமை என்று வைத்துக்கொள். ரெகுலருக்குப் பொறுமை குறைவு, எனக்கும்தான். உன் வண்டிக்கு ரெகுலர் கூடாது என்பது நிஜம். நான் போட்டது ரெகுலர் என்பதும் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பங்கிலிருந்து அதே வண்டியை அதே பெட்ரோலோடு வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீயும் மிதிக்காமல் ஓட்டியிருந்தால் டேங்க் தீர்ந்து வேறு பெட்ரோல் போட்டிருப்பாய், நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உடைத்தது உன் கால்.

இப்படிப்பட்ட கடிதத்தில் இந்த இடத்தில் தாய் தன் பிழையையும் இரண்டு சொல்லி, எல்லாரும் தப்பு செய்கிறவர்கள்தான் என்று முடிச்சுப் போடுவாள். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. எத்தனையோ மாசம் உனக்கு வேண்டிய அளவுக்கு மன்னிப்பு கேட்டாகிவிட்டது. பாக்கி இல்லை.

இர்ஃபான் போன மறுநாள் நீ போன் செய்தாய். உன் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் "விடு, கல்யாணம் நெருங்குற நேரத்துல எதுக்கு" என்றார். இந்த வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு நான் பொறுமையாகவே இருந்தேன். நீயே சொல்லிவிட்டால் இதை இதோடு விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். நீ அங்கே இன்னொரு டர்போ வண்டி வாங்கிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னாய். அதே மாடல், இதைவிடக் கம்மி மைல் ஓடியது என்றாய். நான் உனக்குக் கதவைத் திறந்துவிட்டேன். "அந்தப் பழைய வண்டி எதனாலடா போச்சு?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன், குரலில் ஒன்றும் காட்டவில்லை. நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"யூ நோ வை, மா" என்று சிரித்தாய். "இந்தத் தடவை நீ தொடாத, ஓகே?"

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம். வண்டிக்காக இல்லை. பொருள் உடையும். நீ உழைத்துச் சம்பாதித்த காசு, உன் வண்டி, உனக்கு அதைத் திருகித் திருகிப் பார்ப்பதில் ஆசை. உன் அறையில் அந்தப் புத்தகங்கள் எல்லாம் இருந்தபோது நான் ஒரு நாளும் தடுக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த உன் சட்டையைத் தனியாகத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் வேகமாக ஓட வை, இன்னும் பெரிய டர்போவைப் போடு, என்னவோ செய். எல்லையைத் தாண்டினால் தாண்டினேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் தலையில் கட்டலாம் என்று பார்க்கக் கூடாது. இதை உனக்கு இருபத்தைந்து வயது தாண்டின பிறகு எழுதவேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

சுகன்யாவைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பெண். நீ டெக்சாஸ் போனபிறகும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். போன மாசம் இருவரும் என் வண்டியில் மளிகைக்குப் போனோம். வழியில் பெட்ரோல் போட வேண்டியிருந்தது. பங்க் ஆள் ஜன்னலருகே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கைமேல் கையை வைத்து, "நீங்க இருங்க அத்தை, நான் சொல்றேனுங்க" என்று குனிந்து அவனிடம் பேசினாள். பிறகு, திரும்பும்போது அவளே ஓட்டட்டுமா என்று கேட்டாள். மரியாதையாக, என் மனசு நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் கேட்டாள். அவள் பேரில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு என்னைப் பற்றி முதலில் தெரிந்ததே அதுதான். இந்த அத்தை பாவம், விவரம் போதாது, கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீ. நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன், என் வண்டியில்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. ஜூனில் கல்யாணம். பிறகு அவள் உன்னோடு வந்துவிடுவாள். தெரியாத ஊர், கையில் வேலை அனுமதி வரும்வரை வீட்டில் இருக்க வேண்டியவள், எங்கே போவதானாலும் உன் வண்டி. அவளும் ஒரு நாள் நீ சொல்லாத எதையோ தொடுவாள். ஏதாவது உடையும். எதை உடைத்தது யார் என்று உனக்கு அப்போதும் தெரிந்திருக்கும். அவள் என்னை மாதிரி முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்வாள், சாரி என்பாள். நீ அந்த சாரியை வாங்கிக்கொள்வாய். அப்படிக் கொஞ்ச காலம் போனால் அவள் வண்டி எடுக்கமாட்டாள், பேசமாட்டாள், நாலு பேருக்கு முன்னால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். நான் இந்தக் குளிர்காலத்தில் அப்படித்தான் இருந்தேன். பெற்ற மகனிடம் எனக்கே அந்தக் கதி என்றால், புதிதாக வருகிறவளுக்கு என்ன வைத்திருக்கிறாய்?

என்னிடம் மன்னிப்பு கேட்டு போன் பண்ணாதே. அது சுலபம், உடனே செய்துவிடுவாய், நானும் உடனே உருகிவிடுவேன், இந்த விஷயம் நம் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும். அது எனக்கு வேண்டாம். நீ சுகன்யாவுக்குச் சொல். அவள் சித்தப்பா சித்திக்கும் அவளே சொல்லட்டும், அல்லது நீ போன் போட்டுச் சொல். அக்டோபரில் லேப்டாப்பில் என்ன பார்த்தாய், இர்ஃபான் என்ன சொன்னான், வழியில் என்ன சத்தம் கேட்டது, பிறகு எதற்காக மிதித்தாய், அதற்குப் பிறகு வீட்டுக்குள் வந்து யாரைப் பார்த்து என்ன கேட்டாய், எல்லாம். சிரிக்காமல் சொல்.

இன்றைக்குத் தபாலில் போட்டால் நாலைந்து நாளில் உன் கையில் இருக்கும். அடுத்த வாரம் சனிக்கிழமை சுகன்யாவும் நானும் முகூர்த்தப் புடவை எடுக்க ஓக் ட்ரீ ரோட் இந்தியக் கடைகளுக்குப் போகிறோம். அதற்கு முன் அவள் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து அவளை ஏற்றிக்கொள்ள நான் போகிறேன். அவள் இருப்பது பார்சிப்பனியில். ஆமாம், 287 வழியாகத்தான், தனியாகத்தான். உன் அப்பா தான் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அவள் கதவைத் திறந்து பக்கத்தில் உட்காரும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். நீ சொல்லிவிட்டாயா என்பது எனக்கு அதிலேயே தெரிந்துவிடும். சொல்லியிருந்தால், போகிற வழியெல்லாம் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டு போவோம். சொல்லவில்லை என்றால், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு, அந்தப் புடவையை எடுக்க என்னோடு வருகிறாளா, இறங்கிக்கொள்கிறாளா என்று அவளே முடிவு செய்யட்டும்.

அம்மா